இரண்டு சுவருக்கு நடுவே 2600 மி.மீ. அகல அலமாரி: உள் அளவுகளை எப்படிப் பிரிப்பது?

நிலவரசி:
வணக்கம். படுக்கையறையில் இரண்டு சுவர்களுக்கு நடுவே உள்ள இடத்தில் தரையிலிருந்து கூரை வரை துணி அலமாரி செய்ய வேண்டும். அகலம் 2600, உயரம் 2750, ஆழம் 650 (எல்லாமே மி.மீ.). எதிரே கட்டில் வரை 950 காலியாக இருக்கிறது. தச்சர் 850 அகலத்தில் மூன்று பெட்டிகள், மேலே பரண் என்று படம் போட்டுத் தந்திருக்கிறார். உள்ளே என்ன வைப்பது என்று என்னைக் கேட்கிறார். கீல் கதவா, ஸ்லைடிங்கா? பிளைவுட்டா, பார்ட்டிகிள் போர்டா (மரத்தூளை அழுத்திச் செய்யும் பலகை)? எத்தனை தட்டு, எத்தனை டிராயர்? இந்த முடிவுகளை எந்த வரிசையில் எடுப்பது?

மூலைமட்டம்:
படத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள் மேடம். முதலில் துணியை அளக்க வேண்டும், பிறகு சுவரை, அதன் பிறகுதான் பெட்டி. கதவு கடைசி. பெரும்பாலும் கதவின் நிறத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். கடைசியில் நீள உடைகள் மடங்கிக் கிடக்கும், டிராயர் பாதிதான் திறக்கும்.

தொங்கவிடும் உடைகளைக் குட்டை, நீளம் என்று இரண்டாகப் பிரியுங்கள். ஹேங்கரில் மாட்டி, கசங்காத அளவுக்கு நெருக்கி, கம்பியின் மேல் எத்தனை மி.மீ. பிடிக்கிறது என்று டேப் வைத்துப் பாருங்கள். சட்டை ஒன்றுக்கு 25 முதல் 30 வரும், தடித்த கோட்டுக்கு 60க்கு மேல் போகும். வந்த அளவோடு 20 சதவீதம் கூட்டுங்கள். மடித்து வைப்பதை 250 மி.மீ. உயர அடுக்குகளாக எண்ணுங்கள். உள்ளாடை, சாக்ஸ் போன்ற சிறுசுகளுக்கு டிராயர்.

சுவர் அகலத்தைத் தரையருகில், இடுப்பளவில், கூரையருகில் என மூன்று உயரங்களில் அளக்கவும். அதையே முன்பக்கம் ஒரு முறை, பின்சுவரை ஒட்டி ஒரு முறை. சுவரடியில் ஸ்கர்ட்டிங் (தரையோரமாக ஓடும் பட்டி) இருந்தால் அதற்கு மேலும் அளவு வேண்டும், ஸ்கர்ட்டிங் முகத்திலிருந்தும் வேண்டும். டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) பிடித்துத் தரையின் மிக உயர்ந்த புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். கூரையின் மிகத் தாழ்ந்த புள்ளியையும் அப்படியே. பெட்டியின் கணக்கு இந்தக் குறைந்த அளவுகளை வைத்துத்தான்.

நிலவரசி:
அளந்துவிட்டேன். குட்டை உடைகள் 1300, நீளம் 500, மடித்தவை 12 அடுக்கு. சுவர் அகலம் கீழே 2604, நடுவில் 2597, மேலே 2588. கூரையின் தாழ்ந்த இடம் 2738. ஸ்கர்ட்டிங் பொருத்தவில்லை.

மூலைமட்டம்:
அருமை, இனி எண்களே பேசும். கணக்குக்கான அகலம் 2588. 850 பெட்டி மூன்று என்றால் 2550, மீதி 38, பக்கத்துக்கு 19. அது போதாது. சுவரை ஒட்டிய கதவில் கைப்பிடி துருத்தி நிற்கும். 90 பாகை திறந்ததும் கைப்பிடி சுவரில் இடிக்கும்.

850 வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம், ஷீட்டிலிருந்து துண்டு எடுக்கும் கணக்கு. எட்டுக்கு நாலு பலகை என்பது 2440 × 1220. 18 மி.மீ. பலகையில் 850 பெட்டிக்கு மேல், கீழ்ப் பலகைகள் 814 நீளம் (850 − 36). மூன்று துண்டு 2442. ஷீட்டைவிட 2 மி.மீ. அதிகம், ரம்பம் தின்பது தனி. ஆக, ஒரு வரிசைக்கு இரண்டு துண்டுதான் கிடைக்கும், மூன்றில் ஒரு பங்கு வீண். பெட்டியை 840 ஆக்குங்கள். உள் அகலம் 804, மூன்று துண்டும் இரண்டு வெட்டுக்கு 4 மி.மீ. வீதமும் சேர்ந்து 2420. ஓரம் சீவக்கூட 20 மீதி இருக்கிறது. ஆறு பலகையும் ஒரே ஷீட்டில் முடிந்துவிடும்.

840 × 3 = 2520. மேலே பக்கத்துக்கு 34, கீழே 42 இடைவெளி வரும். அதை ஃபில்லர் பட்டியால் மூட வேண்டும். பெட்டியின் ஆழத்தை 580 வைத்தால் 1220 அகலத்தில் இரண்டு வரிசையும் இரண்டு வெட்டும் போக 52 மி.மீ. பட்டி மிஞ்சும். அந்தப் பட்டியே ஃபில்லர். சுவரின் வளைவைப் பென்சிலால் பட்டியில் இழுத்து, அந்தக் கோட்டுக்கு இழைத்துப் பொருத்துங்கள். சிலிக்கான் போட்டு 10 மி.மீ. சந்தை அடைப்பதைவிட இது ஆயிரம் மடங்கு சுத்தம்.

இழைப்புளி:
840 சரியான முடிவு. உயரத்தையும் சொல்லிடறேன். அடியில் பிளிந்த் (பெட்டி நிக்கிற பீடம்) 80, பெட்டி 2100, பரண் 500, மொத்தம் 2680. கூரைக்கு 58 மிச்சம். அதை மேல் ஃபில்லர் மூடிடும். பெட்டியையும் பரணையும் ஒரே கூடா செய்யலாமேன்னு தோணும். பக்கப் பலகை 2600 வேணும், ஷீட் 2440 தான். ஒட்டுப் போட்ட பக்கப் பலகை வேண்டவே வேண்டாம்.

கூரை தாழ்வா இருக்கிற வீட்டுக்காரங்க வேற ஒண்ணு கவனிக்கணும். பெட்டியைத் தரையில் படுக்க வச்சுப் பூட்டிட்டுத்தான் நிமிர்த்துவோம். நிமிரும்போது அதோட மூலைவிட்டம் கூரைக்குக் கீழே அடங்கணும். 2400 உயரம், 580 ஆழம்னா மூலைவிட்டம் 2469. கூரை 2450 இருந்தா பெட்டி நிமிராது. அங்கே பிளிந்த்தைத் தனியா செஞ்சு தரையில் மட்டம் பிடிச்சிட்டு, உயரம் குறைச்ச பெட்டியை அதன் மேல ஏத்தணும்.

நிலவரசி:
புரிகிறது. இப்போது மூன்று பெட்டிக்குள் எதை எங்கே வைப்பது?

செம்பருத்தி:
உங்கள் 1300-க்கு 20 சதவீதம் கூட்டினால் 1560. ஒரே பெட்டியில் மேலும் கீழுமாக இரண்டு கம்பி போட்டால் 804 × 2 = 1608, போதும். நீள உடை 500 என்பது 600 ஆகும், அதற்கு இன்னொரு பெட்டி. நடுப்பெட்டி முழுதும் தட்டுக்கும் டிராயருக்கும்.

இரட்டைக் கம்பிப் பெட்டியின் உள் உயரம் 2064. மேல் பலகைக்கு 60 கீழே முதல் கம்பி (ஹேங்கர் கொக்கியைத் தூக்கி மாட்ட அந்த இடம் வேண்டும்), உள் அடியிலிருந்து 980-இல் இரண்டாவது. இடையே 1024 கிடைக்கும், சட்டைக்குத் தாராளம். நீள உடைப் பெட்டியில் கம்பி 1600-இல். அதற்கு 60 மேலே ஒரு தட்டு. அந்தத் தட்டுக்கும் மேல் பலகைக்கும் நடுவே 386 இருக்கும், இரண்டு அடுக்கு அங்கே போகும்.

கம்பியின் நடுக்கோடு பின்பலகையிலிருந்து 280 தள்ளி இருக்கட்டும். ஹேங்கர் சுமார் 450 அகலம், உடையின் தோள் அதைத் தாண்டும். பின்பலகையைச் செருகும் காடி (பள்ளம்) போக உங்களுக்குக் கிடைக்கும் 560 ஆழம் சரியாக இருக்கும். 30 × 15 ஓவல் குழாய் 804 நீளத்துக்கு வளையாது. ஒரு மீட்டரைத் தாண்டினால் நடுவில் தாங்கி அவசியம்.

கதிரவன்:
மேல் கம்பி தரையிலிருந்து கிட்டத்தட்ட 2100 உயரத்தில் வருகிறதே? உயரம் குறைந்தவர்களுக்குத் தினமும் சிரமம். அங்கே கீழே இழுக்கும் கம்பி போடலாம். கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் கம்பி முன்னே வந்து இறங்கும், விட்டால் மேலே போகும். வாங்குமுன் அது ஏற்கும் பெட்டி அகலத்தையும் சுமை வரம்பையும் பாருங்கள். இரு பக்கமும் அதன் கைகள் இடம் பிடிக்கும், அதனால் கம்பி நீளம் குறையும். 1608 என்ற கணக்கில் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

செம்பருத்தி:
நல்ல குறிப்பு கதிரவன். அவ்வளவு வேண்டாம் என்றால், எப்போதாவது உடுத்துவதை மேல் கம்பிக்கும் தினசரி உடையைக் கீழ்க் கம்பிக்கும் ஒதுக்கலாம்.

இனி நடுப்பெட்டி. நடுவே 18 மி.மீ. தடுப்பு நின்றால் இரு பக்கமும் 393. இடப்பக்கம் ஆறு தட்டு, ஏழு அறை, ஒவ்வொன்றும் 279 உயரம். வலப்பக்கம் கீழே 800 உயரத்துக்கு நாலு டிராயர் (கீழிரண்டு 240, மேலிரண்டு 160), அதற்கு மேல் நாலு அறை. மொத்தம் பதினொரு அடுக்கு, நீள உடைப் பெட்டியின் மேல் தட்டில் இரண்டு. 12 அடுக்கும் அடங்கி ஒன்று மிஞ்சுகிறது.

டிராயரை ஏன் அவ்வளவு கீழே நிறுத்துகிறேன் என்றால், மேல் டிராயரின் விளிம்பு தரையிலிருந்து 900-இல் நிற்கிறது, நின்றபடி உள்ளே பார்க்க முடியும். நெஞ்சுக்கு மேலே வைத்த டிராயரில் கையால் துழாவத்தான் முடியும்.

இழைப்புளி:
தடுப்பைச் சரியா நடுவில் நிறுத்தினது ரொம்ப முக்கியம். டிராயர் பெருசா வேணும்னு 500க்குத் தள்ளினா, ஒரு டிராயரைத் திறக்க ரெண்டு கதவையும் திறக்கணும்.

டிராயர் அகலத்தைத்தான் நிறைய பேர் தப்பா போடறாங்க. அறை 393. கதவு திறந்து நிக்கும்போது கீலும் கதவின் ஓரமும் வழியில் நிக்கும். அதனால் கீல் இருக்கிற பக்கம் 18 மி.மீ. பட்டி ரெண்டு சேர்த்து 36க்கு பேக்கிங் கொடுக்கணும். மிச்சம் 357. டெலஸ்கோப்பிக் சேனல் (டிராயர் ஓடற நீளும் தண்டவாளம்) பக்கத்துக்கு 13, ரெண்டு பக்கமும் 26. டிராயர் பெட்டியின் வெளி அகலம் 331. 12 மி.மீ. பலகைன்னா உள்ளே 307. ஒரு மி.மீ. கூடினா சேனல் இறுகும், ரெண்டு மி.மீ. குறைஞ்சா குண்டுகள் ஆடும், இழுக்கும்போது கடகடன்னு சத்தம் வரும். அடியில் மாட்டற அண்டர்மவுண்ட் சேனல்னா கழிவு வேற, அந்தத் தயாரிப்போட அளவுத்தாளைப் பார்த்துத்தான் வெட்டணும். சேனல் கையில் வராம டிராயர் வெட்டாதீங்க.

சுவரை ஒட்டின பெட்டியில் டிராயர் வைக்காம நடுவில் வச்சதும் சரி. நடுக்கதவுகள் 90ஐத் தாண்டித் தாராளமா திறக்கும்.

நிலவரசி:
ஸ்லைடிங் பற்றி யாரும் சொல்லவில்லையே? எதிரே 950 தான் இருக்கிறது என்பதால் கேட்கிறேன்.

மூலைமட்டம்:
உங்கள் கதவு அகலம் (840 − 6) ÷ 2 = 417. நடுவில் 3 மி.மீ. சந்து, ஓரங்களில் ஒன்றரை வீதம். 417 கதவுக்கு 950 இடம் தாராளம். உண்மையில் அந்த இடத்தைக் கேட்பது டிராயர்தான். 450 சேனல் முழுதாக வெளியே வந்தால், நிற்பதற்கு 500 மீதி. ஸ்லைடிங் போட்டாலும் டிராயர் அதே அளவு வெளியே வரத்தான் செய்யும்.

ஸ்லைடிங் தண்டவாளம் ஆழத்தில் 80 முதல் 100 வரை தின்னும். உங்கள் 650-இல் பின்பக்கக் காற்றிடைவெளியும் தண்டவாளமும் போனால் கோட்டின் தோள் கதவில் உரசும். அதோடு எப்போது பார்த்தாலும் பாதி அலமாரிதான் திறந்திருக்கும். இரண்டு கதவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்துக்குப் பின்னால் டிராயரின் ஓரம் வந்தால் அது வெளியே வராது. உங்களுக்குக் கீல் கதவுதான். கதவு திறக்க 600 கூட இல்லாத அறைக்குத்தான் ஸ்லைடிங்கை யோசிப்பேன்.

கதிரவன்:
கீல் எண்ணிக்கை: 2094 உயரக் கதவுக்கு நாலு, பரண் கதவுக்கு இரண்டு. ஆறு பெரிய கதவு, ஆறு சின்னது, ஆக 24 + 12 = 36. பக்கப் பலகையைக் கதவு முழுதும் மூடுவதால் எல்லாமே ஃபுல் ஓவர்லே கீல். கதவில் 35 மி.மீ. விட்டக் குழி, ஓரத்திலிருந்து குழியின் விளிம்புக்கு 4 அல்லது 5 மி.மீ. விடவும். பக்கப் பலகையில் கீல் தட்டின் துளைக்கோடு முன்விளிம்பிலிருந்து 37 மி.மீ. கீல் வரும் உயரத்தில் தட்டோ டிராயர் சேனலோ வராதபடி படத்திலேயே குறித்துவிடுங்கள். பூட்டும் நாளன்று தெரிந்தால் தட்டைத்தான் நகர்த்த வேண்டியிருக்கும்.

பரண் கதவைத் திறந்தால் மின்விசிறி இறக்கையோ தொங்கும் விளக்கோ இடிக்குமா என்றும் பார்த்துவிடுங்கள்.

நிலவரசி:
பலகை விஷயம்?

இழைப்புளி:
பெட்டிக்கு 18 மி.மீ. பிளைவுட். திருகைக் கழட்டி மறுபடி போட்டாலும் பிடிக்கும், கொஞ்சம் தண்ணி பட்டாலும் தாங்கும். இதில் எனக்கு ரெண்டு யோசனை கிடையாது.

செம்பருத்தி:
எனக்கு உண்டு இழைப்புளி சார். தரையிலிருந்து 80 உயர்த்தி, நாலு ஓரமும் இயந்திரத்தில் எட்ஜ் பேண்ட் (ஓரத்தை மூடும் பட்டி) ஒட்டிய, ஈரம் தாங்கும் ரகப் பார்ட்டிகிள் போர்டு படுக்கையறைக்குப் போதும். முகம் சமமாக இருக்கும், அளவு துல்லியமாக வரும். அதற்குச் சாதாரணத் திருகு ஆகாது. 5 மி.மீ. வழித்துளை போட்டு 7 × 50 கன்ஃபர்மாட் திருகு ஏற்ற வேண்டும். தட்டின் நீளத்தை 600க்குள் நிறுத்த வேண்டும், உங்கள் 393 அதற்குள் வந்துவிடுகிறது. 804 தட்டும் பரணின் அடிப்பலகையும்தான் தொய்யும். பரவலான சுமையில் நீளம் இரட்டிப்பானால் தொய்வு 16 மடங்கு ஆகும். கனம் 18-இலிருந்து 25 ஆனால் தொய்வு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கும். ஆகவே பெட்டிகள் கடையில் வெட்டி, ஓரம் ஒட்டி வருவதாக இருந்தால் பார்ட்டிகிள் போர்டு, வீட்டிலேயே வெட்டுவதாக இருந்தால் பிளைவுட்.

இழைப்புளி:
வெட்டற இடத்தைப் பொறுத்ததுன்னு சொன்னது நியாயம். ஆனா பரண்ல பெட்டி படுக்கைன்னு கனமா ஏத்துவாங்க, அங்கே மட்டுமாவது பிளைவுட் போடுங்க.

கதவுக்கு நான் பிளாக்போர்டு (நடுவில் கட்டைகளை அடுக்கி ஒட்டின பலகை) சொல்வேன். உள் கட்டைகள் உயரவாக்கில் ஓடணும், அப்பத்தான் 2 மீட்டர் கதவு வில்லா வளையாது. லேமினேட்டை வெளிப்பக்கம் மட்டும் ஒட்டி, உள்பக்கம் வெறுமனே விட்டாலோ பெயிண்ட் அடிச்சாலோ கதவு வளையுறது உறுதி. ரெண்டு முகமும் ஈரத்தை ஒரே அளவில் இழுக்கணும். வெளியே 1 மி.மீ. லேமினேட்டுன்னா உள்ளேயும் 1 மி.மீ., ரெண்டையும் ஒரே நேரத்தில் ஒட்டி, சமதளத்தில் படுக்க வச்சு அழுத்தணும். சுவத்தில் சாய்ச்சு வச்சுக் காயவிட்ட கதவு சாய்ஞ்ச மாதிரியே நிக்கும்.

எண்ணிக்கை: பெட்டி, பரண், தட்டு, பிளிந்த் எல்லாத்துக்கும் 18 மி.மீ. ஷீட் 8. கதவுக்கு 4, ஏன்னா 417 அகலத்துக்கு ஒரு ஷீட்டில் ரெண்டு பெரிய கதவுதான் வரும். மிஞ்சற 378 பட்டியில் டிராயர் முகப்பும் மேல் ஃபில்லரும் எடுத்துக்கலாம். பின்பலகையும் டிராயர் பலகையும் இதில் சேராது.

கதிரவன்:
பின்சுவர் வெளிச்சுவரா? அல்லது குளியலறையை ஒட்டியதா? அதைக் கேட்காமல் யாரும் ஆரம்பிக்கக் கூடாது. ஈரச் சுவருக்கு முன்னால் அலமாரி நின்றால் காற்றோட்டம் நின்றுபோய் முதலில் பூஞ்சை வருவது அங்கேதான்.

நிலவரசி:
குளியலறையை ஒட்டிய சுவர். பார்வைக்குக் கறை எதுவும் தெரியவில்லை.

கதிரவன்:
பார்வையை நம்ப வேண்டாம். ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். குழாய் ஓடும் உயரத்தில் ஒன்று, தரையருகில் ஒன்று. பிரிக்கும்போது உள்பக்கம் நீர்த்துளி இருந்தாலோ அந்தச் சதுரம் மட்டும் கருத்திருந்தாலோ ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. கசிவைச் சரிசெய்து, காய்ந்த பிறகு மறுபடி சோதித்துவிட்டுத்தான் பெட்டி. ஈரத்தடுப்புப் பெயிண்ட் பூசி மூடினால் நீர் வேறு இடத்தில் தலைகாட்டும்.

சுவர் காய்ந்திருந்தாலும் பின்பலகைக்கும் சுவருக்கும் 20 முதல் 25 மி.மீ. விடுங்கள். 580 பெட்டியும் 18 கதவும் போக 650-இல் அந்த இடம் இருக்கிறது. பிளிந்த்தில் ஒரு கிரில், மேல் ஃபில்லரில் ஒரு கிரில் வைத்தால் காற்று கீழே நுழைந்து பின்பக்கமாக மேலே ஏறும். பக்கப் பலகையின் அடி விளிம்பு, பின் விளிம்பு, பின்பலகையின் சுவர்முகம், இந்த மூன்றையும் கண்ணுக்குத் தெரியாது என்று மூடாமல் விட்டுவிடுவார்கள். ஈரம் நுழையும் வாசலே அவைதான். கரையான் தொல்லை உள்ள வீட்டில் மர பிளிந்த்துக்குப் பதில் பிளாஸ்டிக் கால் வைத்துப் பெட்டியை நிறுத்தி, பிளிந்த் பலகையை முன்னால் மாட்டினால் மரம் தரையைத் தொடாது.

நிலவரசி:
அந்தச் சுவரில் ஒரு சுவிட்ச் போர்டு இருக்கிறது. உள்ளே விளக்கும் வேண்டும். என்ன செய்வது?

மூலைமட்டம்:
சுவிட்ச் போர்டைப் பெட்டி அடிக்கும் முன்பே வெளியே மாற்றச் சொல்லுங்கள். வயர் இணைப்புப் பெட்டி எதையும் பின்பலகைக்குள் புதைக்கக் கூடாது. மாற்றவே முடியாவிட்டால் பின்பலகையில் திருகிக் கழற்றும் மூடி வேண்டும்.

விளக்குக்கு அலுமினியச் சட்டத்துக்குள் எல்இடி பட்டி, பக்கப் பலகையின் முன்விளிம்பில், உள்நோக்கி 45 பாகை சாய்வில். பின்னால் மாட்டினால் உடையின் முன்புறம் இருட்டாகவே இருக்கும். கதவு திறந்தால் எரியும் சென்சார் வையுங்கள். பட்டிக்கு மின்சாரம் தரும் டிரைவர் பெட்டியைப் பரணில், கை எட்டும் இடத்தில், துணி மூடாதபடி பொருத்துங்கள். அந்த வயருக்கான காடியைப் பலகை வெட்டும்போதே போட்டுவிட வேண்டும்.

இழைப்புளி:
நிறுத்தற நாளுக்கு வரிசை இதுதான். பிளிந்த்தைத் தரையின் உயர்ந்த புள்ளியிலிருந்து ஆரம்பிச்சு, தாழ்வான இடத்தில் ஆப்பு கொடுத்து, ரசமட்டம் வச்சு நீளவாக்கிலும் ஆழவாக்கிலும் மட்டம் பாருங்க. இங்கே 3 மி.மீ. தப்பினா மேலே ஆறு கதவும் படிக்கட்டா நிக்கும். நடுப்பெட்டியை முதல்ல நிறுத்தி, பக்கப் பெட்டிகளை அதோட கிளாம்ப் பிடிச்சு, முன்விளிம்பு ஒரே கோட்டில் வந்ததும் 30 மி.மீ. திருகால் சேருங்க. ரெண்டு பலகையும் சேர்ந்து 36 தான், 40 போட்டா மறுபக்கம் முனை எட்டிப் பார்க்கும். ரெண்டு மூலைவிட்டமும் சமமான்னு பாத்த பிறகு மேலே எல் பிராக்கெட் வச்சுச் சுவரோட பிடிக்கணும். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் அந்த 20 மி.மீ.க்கு ரீப்பர் துண்டு கொடுக்காம திருகை முறுக்கினா பெட்டி பின்னாடி இழுபட்டுக் கோணும். அப்புறம் பரண், கதவு, ஃபில்லர் கடைசி. கீலில் மேலே, கீழே, உள்ளே, வெளியேன்னு 2 மி.மீ. திருப்ப வழி இருக்கு. அது கடைசிச் சரிகட்டலுக்குத்தான், கோணின பெட்டியை அது காப்பாத்தாது.

நிலவரசி:
தச்சரிடம் 840 கணக்கைக் காட்டினேன், ஒப்புக்கொண்டார். இன்று இரண்டு இடத்தில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கிறேன். பிளைவுட் என்றே முடிவு, வீட்டில்தான் வெட்டப் போகிறார். சேனலும் கீலும் வாங்கி வைத்த பிறகுதான் டிராயர் வெட்டச் சொல்வேன். நாளை தாளைப் பிரித்துவிட்டு எழுதுகிறேன்.

கதிரவன்:
பிரிக்கும்போது குளியலறை ஷவரை ஒரு மணி நேரம் முன்பே ஓடவிட்டுப் பாருங்கள். வெந்நீரையும் தண்ணீரையும் கலக்கும் குழாய்க்கு (மிக்ஸர்) அப்பால் உள்ள கசிவு, தண்ணீர் ஓடும்போது மட்டும்தான் தெரியும்.